ராணுவ ஜெனரலுக்கு அமைதிக்கான நோபல் பரிசு! யார் இந்த ஜார்ஜ் மார்ஷல்?

போர் நடத்தியவருக்கு அமைதிப் பரிசா? 1953ல் ஜார்ஜ் மார்ஷலுக்கு நோபல் அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பும் கிளம்பியது. ஏன் கொடுத்தாங்க? பார்க்கலாம்.

1880ல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் பிறந்தவர் மார்ஷல். 1939 செப்டம்பர் 1ல் அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அதே நாளில்தான் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. 2 லட்சம் பேர்கூட இல்லாத ராணுவத்தை 80 லட்சமாக வளர்த்தெடுத்தார். ஆனால் நார்மண்டி படையெடுப்புக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு ஐசனோவருக்குப் போனது. மார்ஷல் இல்லாமல் முடியாது என அதிபர் ரூஸ்வெல்ட் அவரை வாஷிங்டனிலேயே வைத்துக்கொண்டார்.

போர் முடிந்தும் தீராத பசி

1947 ஜனவரியில் வெளியுறவு அமைச்சரானார். அப்போது ஐரோப்பா கடும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. நிலக்கரி இல்லை, உணவுக்கு ரேஷன். இறக்குமதி செய்யலாம்னா கையில டாலர் இல்லை. மாஸ்கோவில் வாரக்கணக்கில் பேசியும் ஜெர்மனி விவகாரத்தில் உடன்பாடு வரவில்லை. இனி காத்திருந்தால் நிலைமை கைமீறிவிடும் என முடிவுக்கு வந்தார் மார்ஷல்.

அந்த ஆண்டு ஜூன் 5ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சுருக்கமாக ஒரு உரை. ஐரோப்பிய நாடுகளே கூடிப் பேசித் திட்டம் போடட்டும், அமெரிக்கா உதவும் என்பதுதான் சாரம். சோவியத் யூனியன் மறுத்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளையும் சேரவிடவில்லை. கண்டத்தின் பிளவு இன்னும் ஆழமானது.

பணமா கொடுத்தாங்களா?

1948 ஏப்ரலில் அதிபர் ட்ரூமன் சட்டத்தில் கையெழுத்திட்டார். சுமார் 4 ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது ஏறத்தாழ 1,300 கோடி டாலர். பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத மானியம்.

ஆனா ரொக்கத்தை அப்படியே தூக்கிக் கொடுக்கலை. பெரும்பாலும் கோதுமை, நிலக்கரி, இயந்திரங்கள் எனப் பொருளாகவே போய்ச் சேர்ந்தது. உதாரணமாக, ஒரு பிரெஞ்சு விவசாயி அமெரிக்க டிராக்டர் வாங்கினால் பிராங்கில் விலை கொடுப்பார். அந்தப் பணம் அவர் நாட்டு அரசின் தனிக் கணக்கில் சேரும். அதை வைத்து மின் நிலையம், ரயில் பாதை கட்டலாம். ஒரே உதவி, இரண்டு முறை பயன்! நேற்றுவரை எதிரியாக இருந்த மேற்கு ஜெர்மனிக்கும் பங்கு கிடைத்தது.

ஐரோப்பா மீண்டதற்கு இது மட்டுமே காரணமா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆனால் தோற்றவனை மறுபடியும் பட்டினி போடாமல் கைதூக்கிவிட்டதில் மார்ஷலின் பங்கை மறுக்க முடியாது.

வீட்டிலேயே வந்த எதிர்ப்பு

1951ல் செனட்டர் மெக்கார்த்தி அவரை கம்யூனிஸ்ட் சதிக்குத் துணைபோனவர் எனச் சாடினார். மார்ஷல் பதில் சண்டைக்குப் போகவில்லை. சுயசரிதை எழுதச் சொல்லி வந்த வாய்ப்புகளையும் மறுத்துவிட்டார். 1959 அக்டோபர் 16ல் காலமானார். தன் கதையை அவர் எழுதவில்லை. ஆனால் நாடுகளுக்கு உதவி என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இன்றைக்கும் முதலில் வருவது அவர் பெயர்தான்.