நாடற்ற நல்லாசிரியர் வெர்பெக்

பிறந்த நாடு விட்டுப் பிறநாடு புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது பொன்னன்று, பொருளன்று. வாயிலில் நின்று வரவேற்று, இந்நாட்டார் வழக்கம் இது, அஞ்சத்தக்கது இது, அஞ்சவேண்டாதது இது என அறிவுறுத்தும் ஒருவரது துணையேயாம். ஜப்பான் தேசம் மேனாட்டுக் கல்விக்குத் தன் கதவைத் திறந்த காலத்தே அங்குச் சென்ற அயல்நாட்டு ஆசிரியர் பலர்க்கு அத்தகைய துணையாய் நின்றவர் குயிடோ வெர்பெக் என்னும் பெரியார். பிறரைக் குடியமர்த்திய அவர், தமக்கென ஒரு நாடும் இல்லாதவராய் வாழ்ந்தார் என்பது வியக்கத்தக்கது.

இவர் 1830-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் ஹாலந்து தேசத்து ஸைஸ்ட் என்னும் ஊரில் பிறந்தார். மொரேவியச் சபையாரின் பாடசாலையிற் பயின்று, பின் இயந்திரத் தொழில் கற்று, 1852-இல் அமெரிக்கா சென்றார். ஆங்கு வாந்திபேதி நோய் கண்டு உயிர் ஊசலாடிய வேளையில், பிழைத்தெழுவேனாயின் என் வாழ்நாளை மிஷனெரி ஊழியத்திற்கே ஒப்புவிப்பேன் எனப் பொருத்தனை செய்தார். பிழைத்தெழுந்தார், பொருத்தனையையும் மறந்தாரிலர். ஆபர்ன் நகரத்து வேதசாஸ்திரக் கலாசாலையிற் கற்றுத் தேறி, 1859-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் நாகசாகித் துறைமுகத்தில் இறங்கினார்.

அக்காலத்து ஜப்பானில் கிறிஸ்து மார்க்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. அம்மார்க்கத்தைத் தழுவுதல் குற்றமென்னும் அறிவிப்புப் பலகைகள் ஊர்தோறும் நின்றன. 1860-இல் பிறந்த அவருடைய தலைமகவு இரு வாரங்களுக்குள் இறந்தது. 1863-இல் அந்நியர்மேல் எழுந்த பகைமையினால் அவர் குடும்பத்துடன் சில மாதங்கள் ஷாங்காய் நகரத்தில் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. எனினும் மீண்டு வந்தார். வெளிப்படையாகப் பிரசங்கிக்க இயலாத அவர், ஆங்கிலம் கற்பிக்கலாயினர். புதிய ஏற்பாடும் அமெரிக்க அரசியற் சட்டமும் அவர் பாடநூல்கள் ஆயின. பிற்காலத்தே பிரதம மந்திரியாய் விளங்கிய ஓக்குமா சிகெனோபு அவர் மாணவருள் ஒருவர். 1866-இல் சாகா நாட்டுப் பெருங்குடியினராகிய முராத்தா வக்காசா என்பார், தடைக்கும் அஞ்சாது, அவரிடம் மறைவில் ஞானஸ்நானம் பெற்றார்.

1868-இல் ஆட்சி மாறியது. மறு ஆண்டே புதிய அரசாங்கம் வெர்பெக்கை டோக்கியோவிற்கு அழைத்தது. பின்னாளில் டோக்கியோ சர்வகலாசாலையாக வளர்ந்த அரசாங்க வித்தியாசாலையின் தலைமை ஆசிரியராக அவர் அமர்ந்தார். அங்கே அவர்க்கு நேர்ந்த இடர் புதுவகையது. ஆங்கிலம் பேச வல்லார் எவராயினும் ஆசிரியராகலாம் என்னும் எண்ணத்தால், கப்பலில் வேலை பார்த்தவரும் கடையில் வேலை பார்த்தவரும் கல்வி புகட்ட வந்து நின்றனர். ஆதலின் தகுதியுடையாரைத் தேடி அமெரிக்காவிற்குக் கடிதம் விடுத்தார். பூக்குயி நாட்டுத் தலைவர்க்காக அவ்வாறு வரவழைக்கப்பட்டவரே வில்லியம் கிரிபிஸ் என்னும் இருபத்தேழு வயது இளைஞர். ரட்கர்ஸ் கலாசாலையிற் பயின்ற கிரிபிஸ், 1870-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் யோக்கோகாமாவில் இறங்கி, சில வாரங்கள் வெர்பெக்கின் இல்லத்திலேயே தங்கினார்.

அவ்விளைஞர்க்கு அவ்வில்லமே முதற்பாடசாலை ஆயிற்று. அந்நாட்களிலேயே ஒரு கொடுஞ் செயலும் நிகழ்ந்தது. அந்நியர் வெளியே செல்லுங்கால் வாளேந்திய காவலர் உடன்செல்லுதல் வழக்கமாயிருந்தது. வித்தியாசாலையின் ஆங்கில ஆசிரியர் இருவர் ஓரிரவு காவலரை விலக்கிவிட்டு வெளியே சென்றனர். இருளில் வாள்வீச்சிற்கு ஆளாகிப் பெருங்காயமுற்றனர். கிரிபிஸ் அவர்கட்குப் பணிவிடை செய்தார். உள்நாட்டில் தன்னந்தனியே வாழச் செல்லும் ஓர் இளைஞர் இக்காட்சி கண்டும் திரும்பிப் போகவில்லை. அஞ்ச வேண்டியவர் சிலரே, அன்பு செய்வார் பலர் என்பதனை அவர் கண்ணெதிரே வாழ்ந்து காட்டியவர் வெர்பெக். 1871-இல் பூக்குயி சேர்ந்து கற்பித்த கிரிபிஸ், பிற்காலத்தே தம் ஆசிரியப் பெருந்தகையின் வரலாற்றை நூலாக எழுதி 1900-இல் வெளியிட்டார்.

ஊழியத்திற்கென வந்தவர் அரசாங்க அலுவலிற் காலம் போக்கலாமோ என வினவுவார் உளர். 1873-இல் அவ்வறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டமையும், மேனாடுகளுக்குத் தூது விடுக்குமாறு அவர் முன்னரே ஓக்குமாவுக்கு எழுதியளித்த யோசனை 1871-இல் இவாக்குரா தூதுக்குழுவாய்ப் பயன் விளைத்தமையும் நோக்குவார்க்கு அவ்வையம் நீங்கும். அரசாங்கப் பணியினின்று நீங்கியபின் அவர் பிரசங்கத்திலும் பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டார். ஜப்பானியச் சங்கீதப் புத்தகத்தில் அவர் உழைப்புப் பெரிது.

நெடுங்காலம் வெளியே வாழ்ந்தமையால் ஹாலந்துக் குடியுரிமையை இழந்தார். அமெரிக்கக் குடியுரிமையும் அவர்க்குக் கிட்டவில்லை. 1891-இல் ஜப்பானிய அரசாங்கமே அவர்க்கும் குடும்பத்தார்க்கும் தேசமெங்கும் சென்று வாழச் சிறப்புரிமை நல்கிற்று. 1898-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் டோக்கியோவில் உயிர் நீத்து, அந்நகரத்து அவோயாமா இடுகாட்டில் அடக்கமாயினார்.

எந்நாட்டாரும் அவரைத் தம்மவர் என எழுதிக்கொள்ளவில்லை. ஆயினும் அயலாராய் வந்தோர் அவர் வாயிலில் அயன்மை நீங்கினர். நம் நடுவே புதியராய் வந்து திகைத்து நிற்பார் ஒருவரைக் காணுங்கால், அப்பெரியாரின் திறந்த கதவை நாமும் நினைவோமாக.