கிருபாபாய் அம்மையார்

சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையிலுள்ள சீயோன் ஆலயத்தின் போதகராய் விளங்கியவர் சத்தியநாதன் ஐயர். 1878-ஆம் ஆண்டில் அவர் இல்லத்தில் பதினாறு வயது நங்கை ஒருவர் வந்து தங்கினார். அவரே கிருபாபாய்.

இவர் அகமதுநகரில், கிறித்தவம் தழுவிய மராத்திய அந்தணர் குடும்பத்தில் 1862-இல் பிறந்தார். அக்காலத்தில் ஆண் மருத்துவரிடம் தம் நோயைக் கூற நாணிப் பெண்கள் பலர் துன்புற்றனர். அவர்தம் துயர் துடைக்க மருத்துவம் பயில விழைந்தார் கிருபாபாய். இங்கிலாந்து சென்று பயில உதவித்தொகை கிட்டியும், உடல் நலிவு அப்பயணத்தைத் தடுத்துவிட்டது. எனவே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். முதலாண்டில் பரிசுகள் பல பெற்றார். அந்தோ! கடும் உழைப்பை அம்மெல்லுடல் தாங்கவில்லை. கல்வி ஓராண்டோடு நின்றது.

1883-இல் போதகரின் மைந்தர் சாமுவேலை மணந்தார். உதகையில் இசுலாமியச் சிறுமியர்க்கெனப் பள்ளி ஒன்று தொடங்கினார். பின்னர்ச் சென்னையில் ‘சகுணா’ என்னும் புதினத்தை ஆங்கிலத்தில் எழுதினார். கிறித்தவக் கல்லூரி இதழில் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அக்கதை, பெரிதும் அவர்தம் வாழ்க்கையே எனலாம்.

ஈன்ற ஒரே மகவும் ஓராண்டு நிரம்புமுன் இறந்தது. நோயோ முற்றியது. தாயின் மடியில் இளமையிலேயே கற்ற இறைப்பற்றே அவர் உள்ளப் புண்ணுக்கு மருந்தாயிற்று. அந்நிலையிலும் ‘கமலா’ என்னும் இரண்டாம் புதினத்தை எழுதி முடித்தார். 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அன்பர்கள் பொருள் திரட்டினர்; அவர் இடையில் விட்டுச்சென்ற அதே மருத்துவக் கல்லூரியில், பெண்கள் பயில அவர் பெயரால் உதவித்தொகை ஒன்றை நிறுவினர்.