கட்டடத்தில் இல்லாத பெயர்

நியூயோர்க் நகரில், சங்குபோலச் சுழன்று ஏறும் வெள்ளைக் கட்டடம் ஒன்று உண்டு. குகன்ஹைம் நூதனசாலை என்றால் உலகறியும். பணம் கொடுத்தவர் சொலமன் குகன்ஹைம். கட்டடத்தை வடிவமைத்தவர் பிராங்க் லொயிட் ரைட். இருவரையும் அப்பணியில் இணைத்தவர் ஹில்லா ரிபாய் என்ற பெண்மணி என்பதை அறிந்தவர் குறைவு.

1890இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில், ஜேர்மன் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்த ஹில்லா, கொலோன், பாரிஸ், மியூனிக் நகரங்களில் ஓவியம் பயின்றார். 1927இல் அமெரிக்கா சென்றார். சுரங்கத் தொழிலால் பெருஞ்செல்வரான சொலமனின் உருவப்படத்தை வரையும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்போது சொலமன் அறுபது வயதைக் கடந்திருந்தார். ஆளையோ மரத்தையோ காட்டாத, நிறமும் வடிவமும் மட்டுமேயான புதிய ஓவியங்களை ஹில்லா அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1930இல் ஜேர்மனியில் ஓவியர் கண்டின்ஸ்கியைச் சந்திக்க வைத்தார். அத்தகைய ஓவியங்களைக் கிறுக்கல் என்று பலர் நகைத்த காலம் அது. ஆனால் கண்டின்ஸ்கியின் படைப்புகள் மட்டுமே 150க்கு மேல் சொலமனின் சேகரிப்பில் சேர்ந்தன.

1939இல் அவை நியூயோர்க்கில் ஒரு வாடகைக் கட்டடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. முதற் பணிப்பாளர் ஹில்லாவே. சுவர்களில் சாம்பல்நிறத் துணி, காலடியில் தடித்த கம்பளம், பின்னணியில் பாக்கின் இசை. வழிபாட்டிடத்தின் அமைதியை அங்கே உண்டாக்கினார். வசதியற்ற ஓவியர்களுக்கு உதவிப்பணம் வழங்கினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜாக்சன் பொலொக்கும் அங்கே சிறிதுகாலம் வேலை செய்தவரே. 1943இல் நிரந்தரக் கட்டடம் கேட்டு ரைட்டுக்குக் கடிதம் எழுதியவரும் ஹில்லாதான்.

அவர் குறையற்றவர் அல்லர். பிடிவாதம் மிக்கவர். தம் நண்பர் ருடொல்ஃப் பவரின் ஓவியங்களுக்கு அளவுமீறி இடமளித்தார் என்ற விமர்சனமும் நியாயமானதே. 1949இல் சொலமன் மறைந்தபின் அவருக்கிருந்த ஆதரவு போயிற்று. 1952இல் பதவி விலக நேர்ந்தது. 1959 ஒக்டோபரில் நடந்த புதிய கட்டடத் திறப்புவிழாவுக்கு அவருக்கு அழைப்பில்லை. 1967இல் மறைந்தார். 2005இல்தான் அதே நூதனசாலை அவரது பணியை முன்னிறுத்திப் பெருங்கண்காட்சி ஒன்றை நடத்தியது.

வைத்தியசாலை விடுதிகளின் வாயிற்கல்லில் கொடையாளர் பெயர் இருக்கும். அவ்விடுதியை ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்த தாதியின் பெயர் இராது. பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. நூற்றாண்டு காணும் நாம், மண்டபங்களுக்குச் சூட்டிய பெயர்களை வாழ்த்துவதோடு நின்றுவிடலாகாது. எந்தக் கல்லிலும் பொறிக்கப்படாத ஆசிரியைகளின், விடுதிப் பணியாளர்களின் பெயர்களையும், அவற்றை அறிந்த மூத்த மாணவிகள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.