திப்பு சுல்தானின் துப்பாக்கியில் புலி ஏன்?

2015 ஏப்ரலில் லண்டனில் ஓர் ஏலம் நடந்தது. திப்பு சுல்தானின் வாள்கள், துப்பாக்கிகள், ஒரு பீரங்கி எனச் சுமார் 30 பொருட்கள் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயின. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது புலி உருவம்தான்.

சும்மா அழகுக்காகச் செதுக்கியதா? இல்லை. அதற்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கு.

சின்னம் ஏன் தேவைப்பட்டது?

இன்று பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில்தான் திப்பு பிறந்தார். அப்பா ஹைதர் அலி, படைவீரராகச் சேர்ந்து மைசூரையே தன் கைக்குள் கொண்டுவந்தவர். உடையார் வம்சத்து மன்னர் அரண்மனையில் இருக்கும்போதே அதிகாரம் ஹைதரிடம் இருந்தது.

1780-ல் நம்ம காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில், கர்னல் பெய்லி தலைமையிலான கிழக்கிந்திய கம்பெனிப் படையை அப்பாவும் மகனும் நொறுக்கினார்கள். 1782 டிசம்பரில் ஹைதர் இறக்க, திப்பு ஆட்சிக்கு வந்தார். பரம்பரைப் பெருமை சொல்ல வழியில்லாத ஆட்சிக்கு, பார்த்ததும் புரியும் ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அதுதான் புலி.

துப்பாக்கியில் என்ன இருந்தது?

ஸ்ரீரங்கப்பட்டினத்துப் பட்டறைகளில் உருவான துப்பாக்கிகளில் புலித் தலையும் புலிக்கோடுகளும் இருக்கும். சிலவற்றின் விசைத் தகட்டில், ஐரோப்பியச் சிப்பாயைப் புலி தாக்கும் முத்திரை. எதிரி யார் என்பதில் சந்தேகமே வேண்டாம்!

குழலில் ‘ஹைதர்’ என்ற பெயரின் எழுத்துகள் கொண்ட சதுர முத்திரையும் உண்டு. ஹைதர் என்றால் சிங்கம். அது அப்பாவின் பெயர். நபிகளின் மருமகன் அலியின் சிறப்புப் பெயரும்கூட. பாரசீகத்தில் ‘ஷேர்’ என்ற சொல் சிங்கம், புலி இரண்டுக்குமே வழங்கியதால், புலிக்குள் இந்த இரண்டு பேரும் அடங்கினார்கள். ஆண்டைக்கூட திப்பு தானே கொண்டுவந்த மவ்லூதி கணக்கில், வலமிருந்து இடமாகப் பொறிக்க வைத்தார்.

புலி என்ன ஆனது?

1792 ஒப்பந்தத்தில் பாதி நாடு போனது. 3.3 கோடி ரூபாய் அபராதம்; இரண்டு மகன்கள் கம்பெனியிடம் பணயம். அதன் பிறகும் பட்டறைகள் ஓயவில்லை. 1799 மே 4 அன்று கோட்டைச் சண்டையில் திப்பு உயிரிழந்தார்.

வென்றவர்களுக்கும் அந்தச் சின்னத்தின் அர்த்தம் நன்றாகவே தெரிந்திருந்தது. புலிச் சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டார்கள். வெற்றிக்காக அவர்கள் அடித்த பதக்கத்தில், பிரிட்டிஷ் சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி அழுத்துகிறது. துப்பாக்கியில் திப்பு பொறித்த செய்திக்கு பதக்கத்தில் பதில்!

அவரது ஆயுதங்கள் இன்று ஏலக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் பெற்றோருடன் அவர் உறங்கும் கும்பஸுக்குள் போய்ப் பாருங்கள். சுவர் முழுக்க அதே புலிக்கோடுகள்.