முதுமைக்குக் காரணம் தேடிய ஹால்டேன்

கராச்சர்மாவில் எங்கள் அப்பத்தா இருக்கிறார். பிழைப்பை நாடித் தாத்தாவுடன் இராமநாதபுரத்திலிருந்து வந்து, அந்தமானுக்குக் கப்பலேறியவர். சென்ற விடுமுறையில் முழங்காலைத் தடவிக்கொண்டே, நான் படிக்கும் படிப்பில் இதற்கு மருந்து உண்டா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், வயதானால் அப்படித்தான், அது ஆண்டவன் விதித்தது என்று அவரே விடையும் கூறிவிட்டார். அந்த விதிக்குக் காரணம் கேட்ட பேரறிஞர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் வரலாற்றை நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சிறுவயதிலேயே அவரோடு சுரங்கத்துள் இறங்கிய ஹால்டேன், ஆபத்தான சோதனையை முதலில் தம் உடலில் செய்து பார்ப்பதே நேர்மை என்று கற்றார். பிற்காலத்தில் அமோனியம் குளோரைடு உப்பைக் கரைத்துக் குடித்துத் தம் இரத்தம் மாறுவதை அளந்தார். 1939-இல் 'தீட்டிஸ்' நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிப் பலர் மாண்டபின், மூடிய அறையில் தாமே அமர்ந்து அழுத்தக் காற்றின் தீமைகளை ஆராய்ந்தார்.

வியப்பு என்னவெனில், அவர் அறிவியலில் பட்டம் பெற்றவரல்லர்! கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்றுத் தேறியவர். முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் காயமுற்று, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு உடல் தேறினார். அன்றே இந்நாட்டின்மீது அவருக்குப் பற்று உண்டாயிற்று. 1933-இல் இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். டார்வினின் கொள்கையைக் கணக்கின்மேல் நிறுத்திய மூவருள் அவரும் ஒருவர்.

1941-இல் வெளியான நூலொன்றில் ஹன்டிங்டன் நோயைப் பற்றி எழுதினார். கைகால்கள் தம் வசமின்றி ஆட, அறிவும் மங்கிக் கொல்லும் பரம்பரை நோய் அது. இத்துணைக் கொடிய நோயை இயற்கை ஏன் களைந்துவிடவில்லை? குழந்தைப் பருவத்திலேயே கொல்லும் நோய் தன்னைக் கடத்தப் பிள்ளை இன்றி மறையும். இந்நோயோ பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்தபின்னரே வெளிப்படுகிறது. அதற்குள் நோயாளி பிள்ளைகளைப் பெற்றிருப்பார். நோயும் அவர்களைச் சேர்ந்திருக்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வருவதை இயற்கைத் தேர்வு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இக்கருத்தையே பீட்டர் மெடாவார் 1951-இல் விரித்து, முதுமை முழுவதற்கும் பொருத்திக் காட்டினார். முதுமை யாரும் விதித்த தண்டனையன்று, இயற்கையின் புறக்கணிப்பு!

1957-இல் ஹால்டேன் இலண்டனை விட்டுக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தார். கதராடை உடுத்தார், புலால் மறுத்தார், இந்தியக் குடிமகனானார். 1962-இல் புவனேசுவரம் சென்று ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆயினும் முதுமையில் வரும் நோய் அவரையும் விடவில்லை. குடலில் புற்றுநோய் கண்டது. மருத்துவமனையில் இருந்தபடியே அந்நோயைப் பற்றி நகைச்சுவைப் பாட்டு எழுதி, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள் என்று உலகோரை வேண்டினார். 1964 டிசம்பர் 1-ஆம் நாள், 72-ஆம் வயதில் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. என்னே அவர் நேர்மை! இறந்தபின்னும் தம் உடலைச் சோதனைக்கே தந்தார்.

அவர் வாழ்நாளிலேயே, 1961-இல், மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பெருகியபின் நின்றுவிடுகின்றன என்று ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் கண்டனர். நின்ற அணுக்கள் எல்லாம் சாவதில்லை. தங்கியிருந்து அழற்சியூட்டும் பொருள்களைச் சுரக்கின்றன. இளமையில் இந்நிறுத்தம் புற்றுநோய்க்குத் தடை. முதுமையில் இவ்வணுக்கள் குவிந்து திசுக்களைக் கெடுக்கின்றன. இளமையில் காப்பதே முதுமையில் கெடுக்கிறது. இயற்கை அதைக் கண்டுகொள்ளவில்லை. ஹால்டேன் எண்ணியதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இயற்கை விட்டதை மனிதன் செய்யலாகாதா? 2011-இல் எலிகளில் இவ்வணுக்களை நீக்கியபோது முதுமைக் கோளாறுகள் தள்ளிப்போயின. 2015-இல், தாசாட்டினிப் என்னும் புற்றுநோய் மருந்தும், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டினும் சேர்ந்து இவ்வணுக்களை அழிப்பது தெரிந்தது. ஆனால் உண்மையை மறைத்தலாகாது. 2020-இல் முழங்கால் மூட்டு நோயாளரிடம் நடந்த சோதனையில், இவ்வகை மருந்தொன்று மருந்தில்லா ஊசியைவிட மேலான பயன் தரவில்லை. முதுமையைத் தீர்க்கும் மருந்தென ஒப்புதல் பெற்றது இன்றுவரை ஏதுமில்லை.

ஆகவே அப்பத்தாவிடம், மருந்து இன்னும் வரவில்லை என்றே சொன்னேன். ஆனால் அது விதியன்று என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் சீக்கிரம் படித்து முடி என்றார். நண்பர்களே, ஆய்வுக்கூடத்துள் நுழையும்போதெல்லாம் அச்சொல் என் காதில் ஒலிக்கிறது.