மஞ்சள் சட்டைச் சிறுவனும் அவனை வரைந்த கையும்

பாடசாலைப் பிள்ளைகளின் புத்தகப்பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் கார்ட்டூன் பாத்திரங்கள் சிரித்துக்கொண்டிருப்பது இன்று எமக்குப் பழகிப்போன காட்சியாகும். அப்பொருட்களின் விலையில் ஒரு பகுதி பாத்திரத்தின் உரிமையாளரைச் சென்றடைகின்றது. ஆனால் அந்த உரிமையாளர் பாத்திரத்தை வரைந்த ஓவியர்தானா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லையென்றே பதில் கூற வேண்டியிருக்கும். நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் இப்பிரச்சினையை ஒரு தடவையல்ல, இரு தடவைகள் எதிர்கொண்டவர் அமெரிக்க ஓவியரான ரிச்சர்ட் பெல்டன் அவுட்கோல்ட். அவரது வாழ்வு ஓவியர்களுக்கு மட்டுமன்றி, பத்திரிகைத் துறையிலுள்ள எமக்கும் பாடமாக அமைந்த ஒன்றாகும்.

1863ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் பிறந்த அவுட்கோல்ட், சின்சினாட்டியில் ஓவியம் பயின்றார். விஞ்ஞானி தோமஸ் எடிசனின் மின்சாரக் கண்காட்சிகளுக்குப் படம் வரையும் பணி அவருக்குக் கிடைத்தது. அதன் பயனாக 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கும் அவர் செல்ல நேர்ந்தது. பின்னர் நியூயோர்க்கில் குடியேறி, மின்சாரத் துறைச் சஞ்சிகை ஒன்றுக்குத் தொழில்நுட்பப் படங்களையும், நகைச்சுவை ஏடுகளுக்குக் கேலிச்சித்திரங்களையும் வரைந்து வந்தார்.

அக்காலத்து நியூயோர்க்கின் சேரிப்புறங்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். அவர்களது பிள்ளைகளே அவுட்கோல்டின் கருப்பொருளாயினர். பேன் தொல்லைக்காக மொட்டையடிக்கப்பட்ட தலை, பெரிய காதுகள், பிறர் அணிந்து கழித்த நீண்ட இரவுச் சட்டை ஆகியவற்றுடன் தோன்றிய ஒரு சிறுவன், 1895 பெப்ரவரியில் ஜோசப் புலிட்சரின் ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் இடம்பிடித்தான். 1896இன் தொடக்கத்தில் அச்சட்டை மஞ்சள் நிறம் பெற்றது. சிறுவன் பேச வேண்டியவற்றை அச்சட்டையின் மீதே எழுதிய அவுட்கோல்டின் உத்தி வாசகர்களைக் கவர்ந்தது. ஊரே அவனை மஞ்சள் சிறுவன் என்று அழைக்கலாயிற்று.

வியாபாரிகள் வாளாவிருக்கவில்லை. சூயிங்கம், பிஸ்கட், பொம்மை, விசிறி, சட்டையில் குத்தும் வில்லை, ஏன், சிகரெட் பெட்டியிலுங்கூட மஞ்சள் சிறுவன் தோன்றினான். இவ்விற்பனையின் பெரும் பகுதிக்கு வரைந்தவரின் அனுமதியே பெறப்படவில்லை. 1896 செப்டம்பரில் பதிப்புரிமை கோரி அவுட்கோல்ட் விண்ணப்பித்த போதிலும், அப்பாத்திரத்தின் உருவத்தைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கக்கூடிய பாதுகாப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் வில்லியம் ரண்டோல்ப் ஹேர்ஸ்ட், கூடுதல் ஊதியம் கொடுத்து அவரைத் தமது ‘நியூயோர்க் ஜேர்னல்’ பத்திரிகைக்கு அழைத்துக்கொண்டார். புலிட்சரோ விட்டுக்கொடுக்கவில்லை. ஜோர்ஜ் லக்ஸ் என்ற வேறோர் ஓவியரைக் கொண்டு அதே சிறுவனைத் தொடர்ந்து வரையச் செய்தார். இதனால் ஒரே நகரில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரு பத்திரிகைகளில் இரு மஞ்சள் சிறுவர்கள் தோன்றினர். பரபரப்பையே மூலதனமாக்கிய இவ்விரு பத்திரிகைகளையும் போட்டியாளர்கள் மஞ்சள் பத்திரிகைகள் என்று எள்ளி நகையாடினர். எமது மொழியிலும் பின்னர் ஆபாச ஏடுகளைச் சுட்டும் அளவுக்குத் திரிந்துவிட்ட அச்சொல்லின் பின்னால், ஓர் ஏழைச் சிறுவனின் சட்டை இருக்கின்றது என்பதை அறிந்தோர் சிலரே. 1898ஆம் ஆண்டளவில் மஞ்சள் சிறுவனின் காலம் முடிவுற்றது.

பட்ட அடியை அவுட்கோல்ட் மறக்கவில்லை. 1902 மே மாதம் ‘நியூயோர்க் ஹெரால்ட்’ பத்திரிகையில் பஸ்டர் பிரவுண் என்ற புதிய சிறுவனை அவர் அறிமுகப்படுத்தினார். இவன் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. டைக் என்ற பேசும் நாயுடன் சேர்ந்து குறும்புகள் செய்து, ஒவ்வொரு கதையின் இறுதியிலும் நல்லுறுதி பூணுபவன். இம்முறை வியாபாரிகள் வரும்வரை ஓவியர் காத்திருக்கவில்லை. 1904இல் சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியைக் களமாக்கி, பாத்திரத்தின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமத்தைப் பல நிறுவனங்களுக்கு அவரே விற்றார். அவற்றுள் பிரவுண் சப்பாத்துக் கம்பனி முதன்மையானது. அந்நிறுவனம் குள்ள நடிகர்களுக்குப் பஸ்டர் வேடமிட்டு, நாயுடன் ஊரூராக அனுப்பிச் சப்பாத்து விற்றது.

ஆயினும் பழைய வழக்கு மீண்டும் தலைதூக்கியது. அவுட்கோல்ட் மறுபடியும் ஹேர்ஸ்டிடம் சென்றபோது, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. பஸ்டர் பிரவுண் என்ற தலைப்பு ஹெரால்டின் வியாபாரக் குறி என 1906இல் தீர்ப்பாயிற்று. பாத்திரங்களைத் தொடர்ந்து வரைவதற்கு அவுட்கோல்டுக்குத் தடையிருக்கவில்லை. தாம் சூட்டிய பெயரைத் தலைப்பாக இடுவதற்கே தடையிருந்தது. பெற்றவர் தம் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க முடியாத நிலை எனலாம். எனினும் உரிம வருமானம் அவருக்குக் கைகொடுத்தது. சிக்காகோவில் விளம்பர நிறுவனமொன்றையும் நிறுவி, தமது பாத்திரங்களை விளம்பரங்களுக்காக வரைந்து அவர் செல்வந்தரானார்.

அவரை நாம் குறையற்றவராகக் காட்ட முற்படவில்லை. ஹெரால்டில் அவர் வரைந்த கறுப்பினச் சிறுவனின் தொடர், ஓர் இனத்தையே கேலிக்குரியதாக்கும் அக்காலத்து வழக்கத்திலிருந்து விலகி நிற்கவில்லை. ஏழைக் குழந்தையின் முகம் சிரிப்பூட்டும் பொருளாகி, பின்னர் சிகரெட் பெட்டி வரை சென்றதும் எளிதில் மறக்கக்கூடியதன்று. உரிமை ஓவியரிடம் இருக்க வேண்டுமெனில், தாம் வரைந்த முகம் எதனை விற்கின்றது என்ற பொறுப்பும் அவரையே சாரும்.

இறுதிக் காலத்தில் வண்ண ஓவியங்கள் தீட்டுவதில் பொழுதைக் கழித்த அவுட்கோல்ட், 1928ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் திகதி நியூயோர்க்கின் பிளஷிங் பகுதியில் தமது 65ஆவது வயதில் காலமானார். அவரது மறைவுக்குப் பின்னரும் பல தசாப்தங்களாகப் பஸ்டர் பிரவுண் சப்பாத்துகள் விற்பனையாகின. வாங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அவரது பெயர் தெரிந்திருக்கும்?

பாத்திரத்தைப் படைப்பவருக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு, அதன் ஆயுட்கால வருமானத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கம் புலிட்சருடனும் ஹேர்ஸ்டுடனும் மறைந்துவிடவில்லை. கையொப்பமிடுவதற்கு முன்னர் ஒப்பந்தத்தை ஒரு தடவைக்கு இரு தடவை வாசிப்பது இளம் ஓவியர்களின் கடமையாகும். வரைந்தவரின் பெயரை மறைக்காதிருப்பது, அவர்களது ஓவியங்களால் பயனடையும் எம்மைப் போன்ற பத்திரிகைத் துறையினரின் கடமையாகும்.