டோனாவூர் அம்மையும் பொன்னம்மாள் அக்காவும்



திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நம் குடியிருப்பில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு டோனாவூர் என்ற பெயர் புதிதாக இருக்காது. களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. பெயரைக் கேட்டால் தமிழ்ப் பெயர் மாதிரிதான் இருக்கும். ஆனால் 1820களில் அங்கே தேவாலயம் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரில் அமைந்த ஊர் அது. அந்த ஊரில்தான் ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்மணி அரை நூற்றாண்டு வாழ்ந்து, அங்கேயே மறைந்தார். அவர் எழுதிய புத்தகங்கள் 35க்கு மேல். உலகமெங்கும் அவற்றைப் படித்தவர்கள் உண்டு.

அவரைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் அவரை மட்டுமே சொல்வார்கள். இந்த இதழில் அவரோடு சேர்த்து இன்னொரு பெண்ணையும் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் பெயர் பொன்னம்மாள்.

ஏமி பிறந்தது 1867 டிசம்பர் 16ஆம் தேதி, வட அயர்லாந்தின் கடற்கரைக் கிராமமான மில்லைலில். ஏழு குழந்தைகளில் மூத்தவர். அப்பா மாவு மில் நடத்தியவர். சிறுமியாக இருந்தபோது அம்மாவைப் போலத் தனக்கும் நீலக் கண்கள் வேண்டும் என்று இரவில் ஜெபித்துவிட்டுத் தூங்கினாராம். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள். கேட்டது எல்லாம் கிடைக்காது என்பதை அவர் முதலில் கற்றுக்கொண்டது அப்போதுதான். பின்னாளில் சேலை உடுத்திக்கொண்டு தமிழ்ப் பெண்களோடு ஊர் ஊராகப் போனபோது அந்தப் பழுப்புக் கண்கள்தான் உதவியாக இருந்தன.

1885இல் பணக் கஷ்டத்துக்கு நடுவே அப்பா இறந்துபோனார். அப்போது ஏமிக்கு 17 வயது. பெல்ஃபாஸ்ட் நகரத்து மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வருவார்கள். அவர்களைத் தேவாலயத்துக்குள் அழைத்து வந்ததைச் சில கனவான்கள் விரும்பவில்லை. ஏமி அந்தப் பெண்களைக் கைவிடவில்லை. 1889இல் அவர்களுக்காகவே ஒரு தகரக் கூடம் எழுந்தது.

அவருடைய உடம்பு எப்போதும் ஒத்துழைத்ததில்லை. நரம்பு வலி வந்தால் வாரக்கணக்கில் படுக்கைதான். 1893இல் ஜப்பான் போனார். நோயால் அங்கே நிலைக்க முடியவில்லை. கொழும்பில் சிறிது காலம் தங்கிவிட்டு ஊர் திரும்பினார். 1895 நவம்பரில் பெங்களூர் வந்து சேர்ந்தபோது அவருக்கு 28 வயது நிரம்பவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் சொந்த ஊருக்குப் போகவில்லை.

அடுத்த ஆண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படித்தார். பிறகு பண்ணைவிளையில் குடியேறினார். இது இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. பொன்னம்மாளை அவர் அறிந்துகொண்டது இந்தக் காலத்தில்தான்.

பொன்னம்மாள் ஓர் இளம் விதவை. கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் அந்தக் காலத்தில் எந்த மதத்துக் குடும்பமானாலும் கணவனை இழந்த பெண்ணுக்கு வீட்டின் நான்கு சுவர்தான் உலகம். புகுந்த வீட்டில் அப்படி அடைந்து கிடந்த பொன்னம்மாள் ஏமியின் பெண்கள் குழுவில் சேர்ந்து வெளியே வந்தது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போவது, கூடாரத்தில் தங்குவது, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது, சேர்ந்து ஜெபிப்பது என்று நாட்கள் போயின. அந்தக் குழுவுக்கு நட்சத்திரக் கூட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. குழுவில் இருந்த பெண்கள் தங்கள் தங்க நகைகளையும் கழற்றிவிட்டார்கள். நகையை வைத்தே பெண்ணின் மதிப்பை எடைபோட்ட ஊரில் அது எவ்வளவு பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1901 மார்ச் மாதம் எல்லாம் மாறியது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கிருந்து தப்பி பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு முன்பே ஒருமுறை தப்பி அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். திருப்பி அனுப்பப்பட்டு, தண்டனையாகக் கையில் சூடும் வாங்கியிருக்கிறாள். பிரீனா என்ற அந்தக் குழந்தை சொன்ன விவரங்களைக் கேட்ட பிறகு ஏமியால் பழைய வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த ஆண்டே குழு டோனாவூருக்கு வந்தது. மெல்ல மெல்லக் குழந்தைகள் வரத் தொடங்கின. 1904இலிருந்து கைக்குழந்தைகளும் வந்தன.

இதை ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்கும் நடந்த சண்டையாக நீங்கள் நினைக்க வேண்டாம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர்களில் இந்துச் சீர்திருத்தவாதிகள் பலர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்ட மேலவையில் எழுப்பிய குரல் 1947இல் சட்டமாக முடிந்தது. டோனாவூரில் நடந்தது அதே துயரத்துக்கு வேறொரு மூலையிலிருந்து கொடுத்த பதில்.

குழந்தைகளைக் காப்பாற்றுவது ஒரு நாள் வேலை. வளர்ப்பதுதான் தினசரி வேலை. தாய்ப்பால் கொடுக்க ஆள் கிடைக்காது. மருத்துவர் பக்கத்தில் இல்லை. மெலிந்து வந்த குழந்தைகள் பல இறந்தன. கல்வி கற்ற பெண்கள் பலருக்கு மற்றவர் குழந்தையின் துணி அலசுவதும் இரவெல்லாம் கண் விழிப்பதும் ஆயா வேலையாகத் தோன்றியது. அதைச் செய்யத் தயங்கினார்கள். ஏமிக்கே ஒரு கேள்வி இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேச வந்தவள் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கலாமா? சீடர்களின் காலைக் கழுவுவதற்காகத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட இயேசுவை நினைத்தபோது அவருக்குப் பதில் கிடைத்தது.

பொன்னம்மாளோ அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. யாரும் தொடாத வேலையை முதலில் தானே எடுத்துச் செய்தார். அவர் செய்வதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு பொன்னம்மாளுக்கு வந்தது. பாலை எவ்வளவு தண்ணீர் விட்டுக் கலப்பது, பாட்டிலை எப்படிக் கொதிக்க வைப்பது, எந்தக் காய்ச்சலுக்கு உடனே மருத்துவரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொண்டு இளம் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். டோனாவூரில் இருந்த ஏமி நிம்மதியாகத் தூங்கினார் என்றால் அதற்குக் காரணம் நெய்யூரில் விழித்திருந்த பொன்னம்மாள்.

டோனாவூரில் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். வேலை செய்த தமிழ்ப் பெண்கள் அக்காமார். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்திமார். ஆண்கள் அண்ணாச்சிமார். ஏமி எல்லாருக்கும் அம்மா. பல குழந்தைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். செலவுக்கு யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். பணம் குறைந்தால் சேர்ந்து ஜெபித்தார்கள். வந்ததை வைத்து நடத்தினார்கள்.

1912இலிருந்து அடி மேல் அடி விழுந்தது. தமிழ் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு சிக்கலிலும் ஆலோசனை சொன்ன வாக்கர் அந்த ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். 1913இல் கடல் கடந்து ஏமியின் அம்மா இறந்த செய்தி வந்தது. அதே ஆண்டில்தான் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

அறுவை சிகிச்சைக்காக நாகர்கோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஏமி கூடவே போய்த் தங்கினார். நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்த வீட்டை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, ஒரு தோழியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொன்னம்மாள் கொஞ்சம் தேறினார். வேலைக்கும் திரும்பினார். எல்லாரும் நன்றி சொன்னார்கள். பிறகு வலி மறுபடியும் வந்தது. இந்த முறை குறையவில்லை. டோனாவூரே கூடி ஜெபித்தது. கேட்டது கிடைக்கவில்லை. 1915 ஆகஸ்ட் 26ஆம் தேதி பொன்னம்மாள் இறந்தார்.

ஜெபத்தால் பலம் கிடைத்தது என்று பலரும் எழுதுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த இடத்தில் நின்று யோசித்தால்தான் அதன் பொருள் புரிகிறது. ஏமி கேட்டது தோழியின் உயிர். அது கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலும் குழந்தைகளுக்குப் பசித்தது. பாட்டில்களைக் கொதிக்க வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிற அளவுக்குத்தான் அவர்களுக்குப் பலம் கிடைத்தது. அது போதுமானதாகவும் இருந்தது. பொன்னம்மாள் பயிற்சி கொடுத்த பெண்கள் அவர் செய்த வேலையை அவர் செய்த மாதிரியே செய்தார்கள்.

அந்த இழப்புக்குப் பிறகு ஏமி செய்த இரண்டு காரியங்களை நாம் கவனிக்க வேண்டும். 1916இல், குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஏழு இந்தியப் பெண்களைச் சேர்த்து ஒரு சிறு சகோதரிகள் குழுவை ஏற்படுத்தினார். கூடிப் படிப்பது, பேசுவது, ஜெபிப்பது, பிறகு எழுந்து வேலைக்குப் போவது. அவ்வளவுதான் திட்டம். ஜெபத்தை உயர்ந்தது என்றும் துணி துவைப்பதைத் தாழ்ந்தது என்றும் அவர்கள் பிரிக்கவில்லை. 1918இல் பொன்னம்மாளின் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். நாடறிந்த ஒருவர் தன் நிழலில் நின்று உழைத்த தோழிக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதியதால்தான் இன்று நாம் அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறது.

1918இல் ஆண் குழந்தைகளும் வரத் தொடங்கினர். 1919இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. ஏமிக்கு அதில் விருப்பமில்லை, விழாவுக்கும் போகவில்லை. பின்னர் மருத்துவமனையும் ஜெப வீடும் எழுந்தன.

1931 அக்டோபரில், களக்காட்டில் இருட்டும் நேரத்தில் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்து கால் உடைந்தது. சில வாரங்களில் சரியாகும் என்று நினைத்தார்கள். சரியாகவே இல்லை. அடுத்த ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் அந்த ஒரு அறையிலும் படுக்கையிலும்தான் கழிந்தன. ஓடிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்! இப்போது மற்றவர்கள் அவரைக் கவனிக்கும் முறை. வளர்ந்த பிள்ளைகள் அறைக்கு வந்தார்கள். அவர் கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொருவருக்கும் சிறு கடிதங்கள் எழுதினார். நோயாளிகளுக்காக ஒரு நோயாளியாக இருந்து எழுதிய புத்தகம் 1933இல் வந்தது. தனக்குப் பிறகு பொறுப்பேற்பாள் என்று நம்பிய அருளாயி 1939இல் இறந்தபோதும் அந்த அறையிலிருந்துதான் துக்கத்தைத் தாங்கினார்.

1951 ஜனவரி 18ஆம் தேதி ஏமி மறைந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் அம்மை என்ற பெயரை மட்டும் பொறித்தார்கள்.

இதையெல்லாம் நம் செய்திமடலில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நம் ஒவ்வொரு மாடியிலும் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் படுக்கையில் இருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரு பெண். மருந்து வேளை, உடை மாற்றுவது, இரவில் நான்கு முறை எழுவது என்று அவருடைய நாட்கள் ஓடுகின்றன. அவர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ தொழுகைக்கோ போக நேரம் இல்லாமல் வீட்டிலேயே இரண்டு நிமிடம் கண் மூடிக்கொள்பவராக இருக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தை அவர் பார்த்துக்கொள்வார். நாம் செய்யக்கூடியது அவருக்கு ஒரு பொன்னம்மாள் அக்காவாக இருப்பது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் நீங்கள் அந்தப் பெரியவரோடு உட்கார்ந்தால் அவர் நிம்மதியாகக் குளித்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். உபதேசம் எதுவும் வேண்டாம். கதவைத் தட்டிக் கேட்டாலே போதும்.

அடுத்த முறை களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் போகும்போது டோனாவூர் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் அம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். பொன்னம்மாள் அக்காவையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.